சாட்சிக்குத் தமிழ் தெரியாது

பி.காம். படித்தவனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்று கேட்கலாம். 'எஸ்ட்ரேஸ்' விஷயத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அது கிட்டத்தட்ட ஆடிட்டிங் சமாச்சாரம்.

கம்ப்யூட்டரில் ஓடும் எந்தப் புரோகிராமும் தானே ஃபைலைத் திறந்துவிட முடியாது. கெர்னலிடம்தான் கேட்கவேண்டும். 'இதைத் திற', 'இவ்வளவு படி', 'இதை எழுது' என்ற ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு சிஸ்டம் கால். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வாசலில் வருவது போவதையெல்லாம் செக்யூரிட்டிக்காரர் நோட்டில் எழுதுவாரே, அதைத்தான் எஸ்ட்ரேஸ் செய்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிலும் போய் ஒட்டிக்கொள்ளும். 1991-ல் பால் கிரானன்பர்க் சன் கம்ப்யூட்டர்களுக்காக எழுதியது, பிறகு லினக்ஸுக்கு வந்தது.

எனக்குப் பிடித்தது, தோல்வியையும் அது மறைக்காதது. திரையில் 'ஏதோ பிழை' என்று மழுப்பும் சாஃப்ட்வேர், எந்த ஃபைலைத் தேடிப்போய் இல்லையென்று திரும்பியது என்பது இங்கே வரிக்கு வரி வந்துவிடும். எழுதியவரின் சால்ஜாப்பு தேவையில்லை. '-c' என்று கேட்டால் எந்தக் கால் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று டிரையல் பேலன்ஸ் மாதிரி கொடுத்துவிடும்.

குறைகள்? கண்காணிக்கப்படும் புரோகிராம் மெதுவாகிவிடும். குப்பை வரிகள் ஏராளம். இரண்டையும் அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது.

கையேடு சொல்லாத குறை ஒன்று, நம்முடையது. ஒற்றை 'அ' இதில் \340\256\205 என்று வரும். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் தலைக்கு மூன்று பைட். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. எஸ்ட்ரேஸோ சும்மா விட்டால் 32 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். அம்பத்தூர் 30, பிழைத்தது. ஆவடி 12. பூந்தமல்லிக்கும் 30தான். ஆனால் பூவிருந்தவல்லி என்று எழுதினால் 42. 'பூவிருந்தவ' தாண்டி, 'ல'வின் நடுவில் வெட்டு! (2020 ஜூனில் ஆங்கிலத்திலும் அப்படியே எழுதச் சொல்லி அரசாணையை வெளியிட்டு, சில நாட்களில் வாபஸ் வாங்கினார்கள்.)

ஊர்ப் பெயர் பில்லில் ஏன் கோணலாக வருகிறது என்று தேடுகிறவருக்கு இந்த எண் சரத்தை வைத்துக்கொண்டு என்ன தெரியும்? '-s' போட்டு நீளத்தைக் கூட்டலாம், எழுத்து வராது. 'பைட்டைப் பைட்டாகக் காட்டுவதுதான் நேர்மை, அது எழுத்தா படமா என்று அதற்கு எப்படித் தெரியும்?' என்பார்கள் நிபுணர்கள். சரி சார், ஆங்கில 'ஏ'வும் பைட்தானே? அது மட்டும் எப்படி எழுத்தாகவே வருகிறது?