கதையும் களமும்

தேயிலைப் பொட்டலத்திலே ஒரு பதிப்பகம் பிறந்தது என்றால் நம்புவீரா, தோழர்களே? இங்கிலாந்திலே புரூக் பாண்ட் தேயிலையோடு போர் விமானப் படச்சீட்டுகளையும் வைத்து விற்றனர். சீட்டுக்குக் கிடைத்த வரவேற்பு, நூலுக்கு வழி திறந்தது. 1960களின் இறுதியில் ஆஸ்ப்ரே பதிப்பகம் எழுந்தது. சிறிய நூல், 48 பக்கம், நடுவே 8 வண்ணப்படம். இந்த அச்சிலே வார்த்தெடுத்த 'மென் அட் ஆர்ம்ஸ்' வரிசை மட்டும் 500 நூல்களைத் தாண்டிவிட்டது.

போர்வரலாறு விற்ற அதே கடையிலே, 2012 அளவில் மாயக்கதையும் விலைக்கு வந்தது. ஆர்தர், இராபின் ஹூட், கிரேக்க வீரர், பறக்கும் பாம்பைக் கொன்றவர் என நூல்கள் அணிவகுத்தன. 2014 டிசம்பரில் பதிப்பகம் புளூம்ஸ்பரியின் கைக்கு மாறிய பின்னும் இந்த அணிவகுப்பு நிற்கவில்லை.

கற்பனை கூடாது என்று கூறப்போகிறேனோ என்று ஐயுறவேண்டாம். கற்பனையற்ற உள்ளம் களர்நிலம். கதை, 'நான் கதை' என்று நெற்றியிலே எழுதிக்கொண்டு வந்தால், வருக என்போம். 2014இல் இடைக்காலப் போர்முறையை வைத்து 'லயன் ராம்பண்ட்' என்றோர் ஆட்டநூல் வெளியிட்டனர். மறு ஆண்டே அதே விதிகளில் பூதங்களையும் நாகங்களையும் இறக்கி 'டிராகன் ராம்பண்ட்' தந்தனர். எவரை ஏமாற்றிற்று அது? எவரையும் இல்லை. ஆட்டம் ஆட்டமாகவே நின்றது.

டேனியல் மெர்சி எழுதிய 'ஆர்தர் மன்னன்' நூலையும் வரவேற்கலாம். கதையையும் சொல்கிறது, கதை வளர்ந்த கதையையும் பேசுகிறது. ஆறாம் நூற்றாண்டின் கில்டாஸ் ஆர்தரின் பெயரையே கூறவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு ஏடு அவனுக்குப் பன்னிரண்டு போர்களைத் தந்தது. 1136 அளவில் ஜெப்ரி, மந்திரவாதியையும் சேர்த்து, 'வரலாறு' என்றே பெயரிட்டார்! இல்லாதவன் எவ்வாறு மன்னனானான் என்று காட்டுவதைவிடப் பகுத்தறிவுக்கு நல்ல பாடம் ஏது?

இராபின் ஹூட் கதையோ இன்னும் சுவையானது. பழம் பாடல்களில் அவன் எளிய குடியானவன். 1598இல் நாடகமேடை அவனைப் பிரபுவாக்கிற்று. ஏழைக்காக வில்லெடுத்தவன் ஏழையாகவே இருக்கக்கூடாதாம்! வீரம் என்றால் மேட்டுக்குடியிலேதான் பிறக்கவேண்டுமாம்! கதைக்குள்ளும் புகுந்து குலம் தேடுகிறது ஆதிக்கம்.

இனி, குறை. சென்ற திங்கள் என் மாணவன் ஒருவன் ஒரு நூலை நீட்டி, "ஐயா, நிலவிலே நாஜிகள் தளம் அமைத்தது மெய்தானே?" என்று கேட்டான். நூல், 2016இல் வெளிவந்த கிரேம் டேவிசின் 'நாஜி மூன்பேஸ்'. வெறும் கட்டுக்கதை. எழுதியவரும் விளையாட்டாகவே எழுதினார். ஆனால் நூலின் உடை போர்வரலாற்று உடை: அதே விளக்கப்படம், அதே வறண்ட நடை, அதே பதிப்பகம். பொத்தானின் நிறத்துக்குக்கூடச் சான்று காட்டி ஈட்டிய நம்பிக்கையைப் பொய்க்குக் கடனாகக் கொடுப்பதா?

மெய் எங்கே கிடக்கிறது? நிலவிலே அன்று, நார்ட்ஹவுசன் அருகே, மலையைக் குடைந்த சுரங்கத்திலே. அங்கேதான் 1943 முதல் வி-2 ஏவுகணையை டோரா முகாமின் கைதிகள் செய்தனர். அறுபதாயிரம் பேர் அடைபட்டனர். இருபதாயிரம் பேர் மாண்டனர். ஏவுகணை விழுந்து இறந்தோரினும் அதைச் செய்து இறந்தோரே அதிகம். 'அற்புத ஆயுதம்' என்று வியக்கும் கதையிலே இந்த எலும்புகளுக்கு இடமில்லை. கொடியவனைக் கோமாளியாக்கினால் சிரிப்பு வரும். அவனை மாயாவியாக்கினாலோ மயக்கம் அன்றோ வருகிறது!

மாணவனுக்கு நூலைத் திருப்பித் தந்தேன், தடுக்கவில்லை. "படி, படித்தபின் சான்று எங்கே என்று கேள்" என்றேன். மறுநாள் வந்தான். "சான்று இல்லை ஐயா. டோராவைப் பற்றி நூல் உண்டா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு விடையாகும் நூல்கள் பெருகட்டும். பொத்தானை எண்ணும் பதிப்பகம் பிணங்களையும் எண்ணட்டும். கதை கதையாக வரட்டும், களம் களமாக வரட்டும். ஒன்றன் சட்டையை மற்றொன்று மாட்டிக்கொண்டு வரவேண்டாம்.