அடங்காதது எது? சிறுநீர்க் கசிவு பற்றிய தமிழ்க் கட்டுரைகளை முன்வைத்து

“இருமுனா ஒண்ணுக்கு வந்துருது.” கடையம் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வது இப்படித்தான். தும்முனா, குடத்தைத் தூக்குனா, ஸ்கிப்பிங் ஆடுனா, படி இறங்குனா என்று முன்பாதி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இதே விஷயத்துக்குத் தமிழ் மருத்துவக் கட்டுரைகள் வைத்திருக்கும் பெயர் ‘சிறுநீர் அடங்காமை’. இரண்டில் எது துல்லியம் என்று கேட்டால், என் ஓட்டு கடையத்துப் பேச்சுக்குத்தான்.

‘அடங்காமை’ தமிழில் வெறும் உடல் சார்ந்த சொல் கிடையாது. திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. அதன் முதல் குறளிலேயே அடங்காமை ஒரு குற்றமாகத்தான் வருகிறது. தெருவில் அந்தச் சொல்லின் வம்சம் ‘அடங்காப்பிடாரி’. பெண்ணைத் திட்டுவதற்கென்றே வைத்திருக்கிற சொல். அதே வேரிலிருந்து நோய்க்குப் பேர் வைத்தால், படிக்கிற பெண்ணுக்கு முதலில் தோன்றுவது ‘எனக்கு என்ன கோளாறு’ என்ற கேள்வி இல்லை. ‘என்னால அடக்க முடியலையே’ என்ற வெட்கம்.

சரி, ஒரு சொல்லுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். சொல்லோடு நின்றால் நானும் விட்டிருப்பேன். கட்டுரைகளில் வரும் அறிவுரையும் சொல்லின் வழியிலேயே போகிறது என்பதுதான் பிரச்சினை. தண்ணீரைக் குறை, குதிக்காதே, ஓடாதே, அடக்கிப் பழகு. எல்லாமே அடக்கத்தின் வெவ்வேறு வடிவங்கள். தென்காசி வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும்? சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் கூடும், நீர்க்கடுப்பும் கிருமித்தொற்றும் எளிதாக வரும். ஓட்டத்தை நிறுத்தினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற வழி திறக்கும். ஒரு கசிவுக்குப் பயந்து உடம்பு முழுவதையும் அடகு வைக்கிற கணக்கு இது.

இத்தனைக்கும் அடக்காதே என்று சொன்ன மருத்துவ மரபு இந்த ஊர்ப் பக்கத்தில்தான் கொண்டாடப்படுகிறது. கடையத்திலிருந்து தென்காசி போகிற வழியில் தோரணமலை. அகத்தியரும் தேரையரும் அங்கே மருத்துவம் செய்ததாக ஐதீகம். தேரையர் பெயரில் வழங்கும் ‘நோயணுகா விதி’ மலசலம் இரண்டையும் அடக்கக் கூடாது என்கிறது. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைப் பட்டியலிடும்; தும்மலும் இருமலும் சிறுநீரும் அதில் உண்டு. கசிவுக்கான சிகிச்சையை நான் அதில் தேடவில்லை. ‘அடக்கு’ என்பதைப் பாட்டி வைத்தியம் போல எழுதுகிறவர்கள் அதற்கு நம் மரபைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உண்மையில் உடம்பில் நடப்பது என்ன? இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். இருமும்போதும் குதித்து இறங்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வரும். அந்த நொடியில் தூளி இறுகி நீர்க்குழாயை மூடினால் கசிவு இல்லை. கொஞ்சம் பிந்தினாலோ தளர்ந்தாலோ துளி வந்துவிடும். இதைத்தான் மருத்துவர்கள் அழுத்தக் கசிவு என்கிறார்கள். பல தமிழ் வாசகர்கள் ‘அழுத்தம்’ என்றதும் மன அழுத்தம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வயிற்றின் அழுத்தம் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் தீர்ந்தது. அதைக்கூடப் பலர் செய்வதில்லை.

அடுத்த குறை, காரணத்தைப் பிரசவத்தோடும் வயசோடும் முடித்துவிடுவது. இரண்டும் முக்கியக் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1994இல் அமெரிக்காவில் இங்க்ரிட் நைகார்டு குழுவினர் பிள்ளை பெறாத கல்லூரி விளையாட்டு வீராங்கனைகள் 144 பேரைக் கேட்டபோது, 28 சதவீதம் பேர் விளையாடும்போது கசிவதாகச் சொன்னார்கள். 2002இல் சுவீடனில் டிராம்போலின் ஆடும் இளம்பெண்கள் 35 பேரைக் கேட்டார்கள். 28 பேருக்குக் கசிவு இருந்தது. அவர்களிலும் யாரும் பிள்ளை பெற்றவர்கள் இல்லை. அடக்கம் போதாத பெண்களா இவர்கள்? உடம்பை மற்ற எவரையும் விட அதிகமாகக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள். நம் பள்ளியில் கபடி ஆடுகிற பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர்ந்திருந்தால், பயிற்சிக்கு வராமல் இருக்க வயிற்றுவலி என்று சாக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

கடையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களையும் இந்தக் கட்டுரைகள் பார்ப்பதில்லை. ‘உடற்பயிற்சி’ என்றால் டிராக் பேண்ட் போட்ட பெண்ணின் படம்தான் வரும். புகையிலைத் தூசில் இருமிக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து, எழுந்து குடம் தூக்கும் உடம்புக்கும் அதே தூளிதான், அதே அழுத்தம்தான்.

இனி ‘கெகல் பயிற்சி’. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இதைப் பற்றி எழுதினார். அவர் அழுத்தமானி ஒன்றை வைத்து, தசை இறுகுகிறதா என்று பெண் தன் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார். நம் கட்டுரைகள் அந்தச் சரிபார்ப்பைக் கழற்றிவிட்டு, ‘சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்துங்கள்’ என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டன. எந்தத் தசை என்று ஒருமுறை அறிய அது உதவலாம்; தினப் பயிற்சியாகச் செய்தால் பை முழுசாகக் காலியாகாமல் போகலாம். வாயால் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதுமா என்று 1991இல் ரிச்சர்ட் பம்ப் குழு 47 பெண்களிடம் பார்த்தது. பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய முக்கல். அப்படியென்றால் இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துச் செய்து, ‘எனக்குக் கேட்கலை’ என்று விட்டவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சரியாகச் செய்தால் பலன் பெரிது. 31 ஆய்வுகளில் 1,817 பெண்களின் தரவைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், அழுத்தக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தோரில் 56 சதவீதமும், செய்யாதோரில் 6 சதவீதமும் குணமானதாகச் சொன்னார்கள். வழக்கமான அளவு இது: ஒரு தடவைக்கு எட்டு இறுக்கமாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். காற்றை வெளியே விடாமல் பிடிப்பது போல உள்ளே, மேலே இழுக்கணும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பிறகும் முழுசாகத் தளர்த்தணும். சிலருக்குத் தளர்த்தத் தெரியாததே கோளாறாக இருக்கும். அவர்கள் இன்னும் இறுக்கினால் மோசமாகும். அதனால்தான் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒருமுறையாவது சரிபார்ப்பது நல்லது. எரிச்சல், ரத்தம், கீழே ஏதோ இறங்குகிற உணர்வு, அடக்க முடியாத திடீர் அவசரம் இருந்தால் டாக்டரைப் பார்ப்பதே முதல் வேலை.

இன்னொன்றும் உண்டு, தமிழில் அரிதாகவே எழுதப்படுவது. இருமுவதற்கு, தூக்குவதற்கு, குதிப்பதற்குச் சற்று முன்பே அந்தத் தசையை இறுக்கிக்கொள்வது. ஜேனிஸ் மில்லர் குழு 1998இல், லேசான கசிவு இருந்த வயதான பெண்கள் 27 பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஒரே வாரத்தில் இருமல் கசிவு நன்றாகக் குறைந்தது. தசை வலுவாக ஒரு வாரம் போதாது. நேரம் பார்த்து இறுக்கியதுதான் வேலை செய்தது.

ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இப்படி இறுக்க முடியாது. அங்கே மாதக்கணக்கில் வலுவாக்கிய தசைதான் துணை. அதுவரை கசிவுக்கென்றே வரும் பேடை வைத்துக்கொண்டு ஓடலாம். மாதவிடாய் பேட் வேறு வகைத் திரவத்துக்கானது, சிறுநீரை அது வேகமாக உறிஞ்சாது. தண்ணீரும் குடிக்கலாம், ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் போய்விட்டு வந்தால் போதும்.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் எளிது. ‘அடங்காமை’யை விட்டுவிட்டுக் ‘கசிவு’ என்று எழுதுங்கள். அதுவும் புழக்கத்தில் இருக்கும் சொல்தான். ‘இருமுனா’, ‘தூக்குனா’ என்று பெண்கள் சொல்வதை அப்படியே முதல் வரியாக வையுங்கள். எந்த நொடியில் இறுக்க வேண்டும் என்பது அந்த ‘னா’விலேயே இருக்கிறது.