முதல் பக்கத்தில் விடுபடுவது

தமிழ் இதழ்களின் முகப்பைத் திருப்பிப் போட்ட இருவர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள். எட்டயபுரத்துப் பாரதி, 1906இல் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் முகப்பில் கருத்துப்படம் போட்டார்; எழுத்தறியாதவரும் யார் யாரைச் சுரண்டுகிறார்கள் என்று கண்டுகொள்ளலாம். காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். ‘சுதேசமித்திரன்’ போன்ற இதழ்களின் வடமொழி மிகுந்த நெடுவாக்கியங்களுக்கு எதிரே, கொட்டை எழுத்துத் தலைப்பும் சின்னச் சின்ன வாக்கியமும் வைத்தார். 1951 கணக்கெடுப்பில்கூட நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடுதான். டீக்கடையில் ஒருவர் வாசிக்க உப்பளத் தொழிலாளியும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் காதுகொடுத்த காலத்தில், வாய்விட்டுப் படிக்கத் தோதான தமிழ் முதல் பக்கத்துக்கு வந்தது பெரும் சனநாயகச் சாதனை. அதைக் கொச்சை என்று பழித்தவர்கள் யாருக்காகப் பத்திரிகை என்பதையே மறந்தவர்கள்.

ஆனால் எளிமை நாளடைவில் வாய்பாடாக இறுகிவிட்டது. ‘இத்தனை பேர் பலி’, ‘மீனவர்கள் கைது’ என்ற அச்சில் எண்ணையும் ஊரையும் மாற்றினால் மறுநாள் தலைப்பு தயார். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாம் நாள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நிகழ்வில் வாய்பாட்டுத் தலைப்பு சாவு எண்ணிக்கையைத்தான் பெரிதாக்கும். சுட ஆணையிட்டது யார் என்பது உள்பக்கத்துக்குப் போய்விடும். அன்றைக்கே அது யாருக்குத் தெரியும், தெரியாததை எப்படிப் போடுவது என்று இதழாளர் கேட்கலாம். நியாயம்தான். பதில் தெரியாவிட்டாலும் கேள்வியைப் போடலாமே! அது ஊகமாகாது. அந்தக் கேள்வி எத்தனை முக்கியமானது என்பதை, சூடு தூண்டுதலின்றி நடந்தது என்று பின்னர் கண்ட அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையத்தின் அறிக்கையே காட்டியது.

மீனவர் கைதுச் செய்தியில் பாதிப்பு இன்னும் நுட்பமானது. பாக் நீரிணையில் கடலடியை வாரும் இழுவைமடி போடும் விசைப்படகுகளுக்கும் யாழ்ப்பாணத் தமிழ் மீனவர்களுக்கும் உள்ள பகை ஒரு கதை. நீரோட்டத்தோடு மிதக்கும் வழிவலையோடு பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகும், தூத்துக்குடி அருகே உள்ள தருவைகுளத்துக்காரர்கள் பிடிபடுவது வேறு கதை. தலைப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வலையின் பெயர் இல்லாத செய்தியைப் படித்துக் கடற்கரைக்கு வெளியே இருப்பவர் எந்த முடிவுக்கு வர முடியும்? இது எளிமையின் குற்றமன்று. ‘இழுவைமடி’, ‘வழிவலை’ இரண்டும் இந்தக் கரையில் பள்ளிக்கூடம் போகாதவரும் பேசும் சொற்கள். மக்கள் மொழி வேண்டும் என்ற ஆதித்தனாரின் நோக்கத்துக்கு அவையே நெருக்கமானவை.

இடமில்லை என்பது கடைசிச் சமாதானம். முதல் பக்கத்தில் விளம்பரம் புதிதல்ல. ‘தி இந்து’வே 1958 வரை அதை விளம்பரத்துக்குத்தான் ஒதுக்கியிருந்தது. வருமானம் இன்றிப் பத்திரிகை நடக்காது, ஒத்துக்கொள்ளலாம். என்றாலும் முழுப்பக்க நகைக்கடை விளம்பரத்தைத் தாண்டி வரும் செய்திப்பக்கத்தில் வண்ணப் படத்துக்கும் எட்டுப் பத்தித் தலைப்புக்கும் இடம் இருக்கிறது. கைதானவர்கள் எந்த வலை போட்டார்கள் என்பதற்குத் தலைப்பின் கீழே ஒற்றை வரி போதும்.