உப்பிலிட்ட சிரிப்பு

ஒரு சாக்லேட் தொழிற்சாலை. ஓடும் பட்டையில் சாக்லேட்டுகள் வரிசையாக வருகின்றன. அவற்றைக் காகிதத்தில் சுற்றிவைக்க இரண்டு பெண்கள். ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பட்டை வேகமெடுக்கிறது. சுற்ற முடியாததை வாய்க்குள் போடுகிறார்கள், தொப்பிக்குள் திணிக்கிறார்கள், சட்டைக்குள் ஒளிக்கிறார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் வந்து பார்த்தால் பட்டை சுத்தமாக இருக்கிறது. அவருக்குப் பரம திருப்தி. இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார்.

‘ஐ லவ் லூசி’ தொடரின் இந்தக் காட்சி 1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பானது. அதே காலத்தில் நியூயார்க்கில் சிட் சீசர் சனிக்கிழமை இரவுகளில் ஒன்றரை மணி நேரம் நேரலையில் நடித்துக்கொண்டிருந்தார். மெல் புரூக்ஸும் நீல் சைமனும் அவருக்கு எழுதிப் பழகித்தான் பெரியவர்களானார்கள். ஆனால் லூசியின் முகம் இன்று பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். சீசரை அறிந்தவர்கள் பெரும்பாலும் நகைச்சுவையைத் தொழிலாகக் கொண்டவர்கள். திறமையை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது. யாருடைய சிரிப்பு எதில் பதிவாயிற்று, அந்தப் பதிவு யார் கையில் இருந்தது என்று கேட்டால்தான் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையின் முதல் பத்தாண்டு நமக்குப் பிடிபடும்.

லூசியாக நடித்த லூசில் பால் 1911இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை பார்த்த தந்தை, மகளுக்கு நான்கு வயது நிறையும் முன்பே டைஃபாய்டில் இறந்துபோனார். பதின்வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்கே பெட்டி டேவிஸ் ஜொலித்துக்கொண்டிருக்க, இவர் தேறமாட்டார் என்று ஆசிரியர்கள் முடிவு கட்டினார்கள். பிறகு ஹாலிவுட். 1930களிலும் 40களிலும் டஜன் டஜனாகப் படங்கள். அவற்றில் பல இரண்டாந்தரப் படங்கள். 1948இல் சிபிஎஸ் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற தொடர் கிடைத்தது. நேரில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் சிரித்தால் தன் நடிப்பு மலர்கிறது என்பதை அவர் கண்டுகொண்டது அங்கேதான். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஆகிய எழுத்தாளர்களும் அந்த வானொலி தந்த சொத்து.

அந்த வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக சிபிஎஸ் விரும்பியபோது, கணவனாகத் தன் சொந்தக் கணவர் டெசி ஆர்னாஸ்தான் நடிக்க வேண்டும் என்றார் பால். ஆர்னாஸ் கியூபாக்காரர், இசைக்குழுத் தலைவர். அவருடைய ஆங்கில உச்சரிப்பை அமெரிக்கக் குடும்பங்கள் ஏற்குமா என்று நிறுவனம் தயங்கியது. தம்பதியர் 1950இல் ஊர் ஊராக மேடையேறிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துக் காட்டினார்கள். நிறுவனம் இறங்கிவந்தது.

அடுத்த தகராறுதான் வரலாற்றை மாற்றியது. அன்று பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். தொலைவிலுள்ள ஊர்களுக்கு, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்து எடுத்த ‘கினெஸ்கோப்’ பிரதியை அனுப்புவார்கள். சாம்பல் பூசியதுபோல் மங்கிய படம். பால் தம்பதியர் கலிஃபோர்னியாவை விட்டு நகர மறுத்தார்கள். நாட்டின் கிழக்குப் பகுதிக்கு மங்கல் பிரதியை அனுப்ப, விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் மறுத்தது. அப்படியானால் சினிமாவைப்போல 35 மில்லிமீட்டர் படச்சுருளிலேயே எடுத்துவிடலாம் என்று தீர்வானது. செலவு கூடும். அதை ஈடுகட்ட வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தம்பதியர் சம்மதித்தார்கள். பதிலுக்கு, ஒளிபரப்பு முடிந்த படச்சுருள்கள் தங்கள் ‘டெசிலு’ நிறுவனத்துக்கே சொந்தம் என்றார்கள். ஒருமுறை காட்டி முடித்த நிகழ்ச்சிக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது? சிபிஎஸ் கொடுத்துவிட்டது.

படச்சுருளில் எடுக்க வேண்டும், கூட்டமும் எதிரே இருக்க வேண்டும். ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான கார்ல் ஃபிராயிண்டை அழைத்துவந்தார்கள். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும் முறை அதற்கு முன்பும் முயன்று பார்க்கப்பட்டதுதான். ஆனால் எந்தக் கேமராவுக்கும் நிழல் விழாதபடி விளக்குகளை மேலேயிருந்து சீராகப் பரவவிட்டு, முன்னூறு பேர் எதிரே நாடகம்போல நடத்தி, சினிமாபோல வெட்டி ஒட்டும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் ஃபிராயிண்ட். இன்றைய ‘சிட்காம்’ அந்தக் கொட்டகையில் பிறந்தது.

லூசி எந்தக் குறும்பையும் போகிறபோக்கில் செய்வதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து நாள் கணக்கில் ஒத்திகை பார்ப்பவர் அவர். சத்து டானிக் விளம்பரத்தில் நடிக்கும் காட்சியில், டானிக்கிலுள்ள சாராயம் ஏற ஏற மருந்தின் பெயர் நாக்கில் உருக்குலைவதைப் படிப்படியாகக் காட்டுவார். எந்த மிடறில் எந்த எழுத்து தவற வேண்டும் என்பதுவரை கணக்கு உண்டு.

கணக்கில் வராதது வாழ்க்கையிலிருந்து வந்தது. அவர் கர்ப்பமானபோது தொடரிலும் லூசி கர்ப்பமானாள். அந்தச் சொல்லையே வசனத்தில் உச்சரிக்க நிறுவனம் விடவில்லை. ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு யூத ரப்பி மூவரும் வசனங்களைப் படித்துப் பார்த்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று காலையில் பாலுக்கு மகன் பிறந்தான். அன்றிரவே திரையில் லூசிக்கும் பிறந்தான். ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்த கூட்டம் அதைவிடக் குறைவு. பேறுகால ஓய்வின்போது பழைய பகுதிகளையே மறுபடி காட்டினார்கள். மக்கள் மறுபடியும் சிரித்தார்கள். காட்டி முடித்த நிகழ்ச்சிக்கும் விலை உண்டு என்பது அப்போது தெரிந்துபோயிற்று. அந்த விலை பெரியது. படச்சுருள்களின் உரிமையைச் சில ஆண்டுகளில் சிபிஎஸ் பல லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. பால் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டூடியோவை டெசிலு வாங்கியது. 1960இல் மணமுறிவு, 1962இல் ஆர்னாஸின் பங்கையும் வாங்கி, பாலே நிறுவனத் தலைவரானார். ‘ஸ்டார் டிரெக்’ அவர் தலைமையில்தான் தொடங்கியது.

சிட் சீசரின் கதை நேர்எதிர். யாங்கர்ஸில் பெற்றோர் நடத்திய உணவுக்கடையில் இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யர் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர். அர்த்தமே இல்லாமல் எந்த மொழியின் ஓசையையும் அச்சாகப் பேசுவார். 1950 முதல் 1954 வரை ‘யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்’. நேரலையில் தவறினால் தவறியதுதான். அந்த ஆபத்துதான் அவர் கலையின் உயிர். மிஞ்சியவை மங்கலான கினெஸ்கோப் பிரதிகள். தயாரிப்பாளர் மாக்ஸ் லீப்மன் அவற்றிலிருந்து பத்துத் துண்டுகளைத் தொகுத்து 1973இல் திரைப்படமாக வெளியிட்டார். அதற்குள் சீசர் குடியிலும் மாத்திரையிலும் பல ஆண்டுகளைத் தொலைத்திருந்தார்.

ஜாக்கி கிளீசன் இடைவழியில் போனவர். தொலைக்காட்சி கேமராவோடு படச்சுருள் கேமராவையும் இணைத்த ‘எலக்ட்ரானிகாம்’ கருவியில் 1955-56இல் தன் தொடரின் 39 பகுதிகளை எடுத்தார். ஒரே பருவம்தான். அதில் அவர் நடித்த புரூக்ளின் பேருந்து ஓட்டுநர் ரால்ஃப் கிராம்டன் இன்றுவரை நிலைத்திருப்பது பெரிதும் அந்த 39 பகுதிகளால்.

எர்னி கோவாக்ஸ் மேடையையே கைவிட்டவர். ஒரு மேசையைச் சாய்த்து அமைத்து, கேமராவையும் அதே கோணத்துக்குச் சாய்ப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நேராக இருக்கும். ஆலிவ் காய்கள் மட்டும் உருண்டோடும், ஊற்றும் பால் கோப்பைக்குள் விழாது. கூட்டத்துக்கு எதிரே செய்துகாட்ட முடியாத, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டுமே நடக்கக்கூடிய நகைச்சுவை இது. 1962இல் கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 42. காந்த நாடா விலை கூடியது என்பதால் பழையதை அழித்துப் புதியதைப் பதிவது அன்றைய வழக்கம். கோவாக்ஸின் நாடாக்களும் அப்படி அழிகின்றன என்று தெரிந்ததும், மனைவி ஈடி ஆடம்ஸ் தன் சொந்தப் பணத்தைப் போட்டு எஞ்சியதை வாங்கிக் காப்பாற்றினார். பிரிட்டனில் நகைச்சுவை நடிகர் பீட்டர் குக் தன் பிபிசி நாடாக்களை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் கிடைக்காமல், அவற்றில் பெரும்பகுதி அழிந்தது. செவ்வியல் என்று நாம் கொண்டாடும் பட்டியல், ஒரு வகையில், தப்பிப் பிழைத்தவர்களின் பட்டியலும்தான்.

படச்சுருளின் மேல் வெள்ளி உப்பு பூசியிருக்கும். பாலின் சிரிப்பு அந்த உப்பில் ஊறிக் கெடாமல் இருந்தது. அதற்கும் ஒரு விலை இருந்தது. 1986இல், 75 வயதில், ‘லைஃப் வித் லூசி’ என்ற புதிய தொடரோடு அவர் திரும்பிவந்தார். 8 பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். வயதான பெண் ஏணியில் ஏறினால் கூட்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. மற்ற நிலையங்களில் நாற்பது வயது லூசி வாய் நிறைய சாக்லேட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளோடு போட்டி போட யாரால் முடியும்? மூன்றாண்டுகளில் பால் மறைந்தார்.

சீசருக்கு அந்தத் தொல்லை இல்லை. 2014இல் 91 வயதில் இறக்கும்வரை, அவருடைய சனிக்கிழமை இரவுகளைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல அந்த இரவுகள் வளர்ந்துகொண்டே போயின.