கதை சொல்லும் பயிற்றுநர்: ‘ஜிம் தோர்ப் – ஆல் அமெரிக்கன்’ திரைப்படமும் கார்லைலின் 1912ஆம் ஆண்டுப் பருவமும்

வரலாற்று நிகழ்ச்சியொன்றைக் கலைப்படைப்பாக்க முனையும் எவரும் அதனை யார் வாயிலாகச் சொல்விப்பது என்ற வினாவுக்கு முதலில் விடை கண்டாக வேண்டும். மைக்கல் கேர்ட்டிஸ் இயக்கி, 1951ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜிம் தோர்ப் – ஆல் அமெரிக்கன்’ என்னுந் திரைப்படம் இவ்வினாவுக்குத் தயக்கமெதுவுமின்றி விடையளிக்கின்றது. சுதேச அமெரிக்க வீரரான தோர்ப்பின் வாழ்க்கையை அவருடைய வெள்ளையினப் பயிற்றுநரான ‘பொப்’ வார்னரே விருந்து மேடையொன்றில் நின்று நமக்குக் கூறுகின்றார். (படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் வார்னர் என்றமைவது தற்செயலே; எனினும் பொருத்தமான தற்செயல்!) தோர்ப்பாக நடித்தவர் பேர்ட் லங்காஸ்டர். அவரது உடற்றிறன் பாராட்டுக்குரியதே. ஆயினும் ஈண்டு நாம் நோக்க வேண்டியது நடிப்பையன்று.

பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் என்னும் ஊரில், பழைய இராணுவக் குடியிருப்பொன்றில், 1879இல் றிச்சர்ட் பிரட் என்ற இராணுவ அதிகாரி இப்பள்ளியை நிறுவினார். சுதேசக் குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கூந்தலைக் கத்தரித்து, புதுப்பெயரிட்டு, தாய்மொழியைத் தடைசெய்து ‘நாகரிகப்படுத்துவதே’ அதன் நோக்கம். வீடு திரும்பாத பிள்ளைகளின் கல்லறைகள் இன்றும் அங்குள்ளன. 1918இல் மூடப்படும் வரை அதற்குப் புகழ் தேடித் தந்தது உதைபந்தாட்டக் குழுவேயாகும். நம்மவர் அறிந்த உதைபந்தாட்டமன்று. றக்பியிலிருந்து கிளைத்த அமெரிக்க ஆட்டம்.

1911இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தை 18–15 எனத் தோற்கடித்த இக்குழு, அடுத்த பருவத்திற் பன்னிரண்டு ஆட்டங்களை வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றில் மட்டுமே, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் 34–26 எனத் தோற்றது. அப்பருவத்தின் சிகரம் 1912 நவம்பர் 9ஆம் திகதி வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியுடன் நடந்த ஆட்டமாகும். வூண்டட் நீ படுகொலை நிகழ்ந்து இருபத்திரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. தம் மூதாதையரைச் சுட்ட படையின் எதிர்கால அதிகாரிகளைக் கார்லைல் மாணவர் 27–6 என வென்றனர்.

இவ்வாட்டத்தை ஐதீகம் எவ்வாறு விழுங்கிக்கொண்டது என்பது சுவையானதொரு செய்தி. பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர் அன்று இராணுவக் குழுவில் ஆடினார். தோர்ப்பை மறிக்க முயன்றே அவர் முழங்கால் முறிந்ததெனப் பலர் கூறுவர். உண்மையில் அவரது ஆட்ட வாழ்வை முடித்து வைத்த காயம் அடுத்த வாரம் வேறொரு குழுவுடன் ஆடியபொழுது நேர்ந்தது. அன்றைய நான்கு டச்டவுன்களில் மூன்றைப் பெற்றவர் அலெக்ஸ் ஆர்க்காசா. மற்றையது ஜோ பேர்ஜியுடையது. தோர்ப் ஆட்டத்தின் உயிராக விளங்கினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குழுவின் வெற்றியைத் தனியொருவரின் வீரக்கதையாகச் சுருக்கும் மனப்பாங்கு இத்திரைப்படத்திற்கும் பொதுவானது. தனிமனித நாயகன் இருந்தாற்றான் தனிமனித வீழ்ச்சியும் இயலும். வீழ்ச்சிக்கான பொறுப்பையும் அவன் தலையிலேயே சுமத்தலாம்.

படத்தின் பிற்பாதி இவ்வாறுதான் அமைகின்றது. மகனின் மரணம், மது, முறிந்த இல்லறம் எனத் துயரம் முழுவதும் தோர்ப்பின் உள்ளத்திற்குள்ளேயே தேடப்படுகின்றது. 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் அவர் வென்ற இரு தங்கப் பதக்கங்கள் மறு ஆண்டே பறிக்கப்பட்டமையைப் படம் காட்டாமலில்லை. விடுமுறைக் காலத்திற் சிறு கூலிக்கு பேஸ்போல் ஆடியதே அவர் செய்த குற்றம். ஆனால் முறைப்பாடுகள் முப்பது நாட்களுக்குள் எழுப்பப்பட வேண்டுமென்ற விதி மீறப்பட்டதையோ, தமக்கு இது தெரியாதென வார்னர் கைவிரித்ததையோ உரியவாறு ஆராய்வதற்குக் கதைசொல்லியே தடையாகின்றார். தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்யும் சாட்சியை எங்கே காண்பது? (பதக்க விடயத்திற் சர்வதேச ஒலிம்பிக் குழு 1982இல் அரைமனத்தோடும், 2022இல் முழுமையாகவும் தன் தவற்றைத் திருத்தியது.)

தோர்ப் உயிரோடிருந்த காலத்திலேயே, அவரது ஒத்துழைப்புடன் உருவான படமாயிற்றே என்று வாதிடுவோர் உளர். நண்பர் ஒருவரும் அவ்வாறே என்னோடு வாதிட்டார். அவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. வார்னர்பால் தோர்ப் நன்றியுணர்வு கொண்டிருந்திருக்கலாம். எனினும் அதனைக்கொண்டு ஒரு பள்ளியின் வரலாற்றை மூடிவிட முடியுமா?

ஏனெனில் அதே பருவத்திற் குழுவை நடத்திய ‘குவாட்டர்பாக்’ கஸ் வெல்ச், வார்னரை வேறு கண்கொண்டு நோக்கினார். பள்ளி நிருவாகத்தை விசாரிக்குமாறு கோரும் மனுவொன்றில் அவர் சக மாணவரிடம் ஒப்பம் திரட்டினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 1914இல் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று கார்லைலுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்தது. வார்னரின் வசைமொழிகள், வீரர்களை அவர் நடத்திய விதம், விளையாட்டு நிதி கையாளப்பட்ட முறை யாவும் அங்கு மாணவர் வாயாலேயே வெளிவந்தன. பள்ளி அதிபர் பிறீட்மன் பதவியிழந்தார். வார்னர் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்று மேலும் புகழ் பெற்றார். விருந்து மேடையில் நின்று அவர் நமக்குச் சொல்லும் நீண்ட கதையில் அம்மனுவுக்கு ஒரு காட்சியேனும் கிடைக்கவில்லை.