ஒரு தோணியும் இரண்டு நண்பர்களும்

பிரயாண நூல் எழுதுகிறவர்களுக்குப் புறப்படுவது சுலபம். போய்ச் சேருவதுதான் கஷ்டம். காட்டாற்றையும் கொசுக்கடியையும் பசியையும் எப்படியாவது வர்ணித்துவிடலாம். கரை ஏறிய பிறகு என்ன சொல்வது?

எரிக் செவரைட் 1935-இல் வெளியிட்ட 'கானோயிங் வித் த கிரீ' என்ற ஆங்கில நூலைப் படித்து முடித்தபோது இந்தக் கேள்விதான் எழுந்தது. 1930-ஆம் வருஷம், 17 வயதுச் செவரைட்டும் அவருடைய நண்பர் 19 வயது வால்ட்டர் போர்ட்டும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து 18 அடி நீளமுள்ள பழைய தோணி ஒன்றில் புறப்பட்டார்கள். மினஸோட்டா நதியை எதிர்த்து ஏறி, செந்நதியில் இறங்கி, வின்னிபெக் ஏரியைத் தாண்டி, கிரீ இந்தியர் வாழும் கனடாவின் வடகாடுகள் வழியாக ஹட்ஸன் விரிகுடாவை அடைந்தார்கள். மொத்தம் 2,250 மைல்! குமரிமுனையிலிருந்து காஷ்மீரத்தின் கோடிவரை கோடு கிழித்தாலும் அவ்வளவு வராது. ஓர் உள்ளூர்ப் பத்திரிகை, கட்டுரைகளுக்காக 100 டாலர் கொடுத்து உதவியது.

ஆசிரியர் வளவளவென்று எழுதவில்லை. வீரம் பேசவும் இல்லை. மழையும் குளிரும் மிஞ்சிய வடக்கே இரு நண்பர்களும் கைகலந்துகொண்டதைக்கூட அவர் மறைக்கவில்லை. ஒருவன் கை முறிந்தால் இருவருமே ஊர் திரும்ப முடியாத இடம் அது. அங்கே சண்டை போடவும் வேண்டும், சமாதானம் ஆகவும் வேண்டும். சிநேகத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்லாததை அந்தச் சம்பவம் சொல்லிவிடுகிறது.

ஆனால் ஒரு குறை. இந்த வகைத் தோணியில் இருவரும் முன்னோக்கியே உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். பின்னால் இருப்பவனுக்கு நண்பனின் முதுகுதான் தெரியும். முன்னால் இருப்பவனுக்கு அதுவும் இல்லை. நூலும் அப்படியே அமைந்துவிட்டது. ஆறுகள் மனத்தில் நிற்கின்றன. வால்ட்டரின் முகம் நிற்கவில்லை.

அமெரிக்க அறிஞர் தோரோ 1839-இல் தம் அண்ணனோடு இரண்டு வாரம் படகில் போனார். 1842-இல் அண்ணன் இறந்துபோனார். 1849-இல் வெளிவந்த நூலில் தோரோ அந்த இரண்டு வாரத்தை ஒரே வாரமாகச் சுருக்கினார். அண்ணனின் பெயரைச் சொல்லவே இல்லை. அங்கே மௌனத்துக்குக் காரணம் துக்கம். செவரைட்டிடம் அது இளமையின் கவனக்குறைவு. பக்கத்திலேயே இருப்பவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அந்த வயதில் தோன்றுவது இயற்கைதானே?

இதே பிரயாணத்தைச் செவரைட் 1946-இல் தம் சுயசரிதையில் மறுபடியும் சொன்னார். அதற்குள் ஒரு மகாயுத்தத்தை நிருபராக இருந்து பார்த்துவிட்டார். விரிகுடாவோடு அந்தப் பிரயாணம் முடிந்துவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

குறை இருந்தாலும் நூலைப் படிக்கலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவையுங்கள்: கரை ஏறியதும் கூட வந்தவன் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும்.