ரகசியம் யாருக்காக?

தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டு, 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இறந்தான். அவனை அடித்ததாகக் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் கைதானார்கள். பிறகு, சிறார் இல்லங்களைச் சீர்செய்ய வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைத் தண்டிக்கிறது. வகுப்பெடுத்துவிட்டுப் போகும் பயிற்றுநரும் ஆலோசகரும் அந்தப் பொறுப்பில் இல்லை. ஆனால் தழும்பைப் பார்க்க வாய்ப்புள்ள வெளியாள் அவர்தான். உள்ளே போக அனுமதி, ஊதியம், அடுத்த அழைப்பு மூன்றும் இல்லத்தை நடத்தும் துறையின் கையில் இருப்பதால், பேசாமலிருப்பது லாபம். அப்போது சிறுவனுடையது 'நடத்தைப் பிரச்சினை' ஆகிறது. அடித்தவருடையது 'பணிச்சுமை' ஆகிறது.

இந்த மௌனத்துக்கு ரகசியக் காப்பு என்று பெயர் சூட்டுவது மோசடி. 74ஆவது பிரிவு மறைக்கச் சொல்வது சிறுவனின் அடையாளத்தை. இல்லத்தில் நடப்பதை அல்ல. வீட்டு விஷயம் வாசல் தாண்டக்கூடாது என்று பெண்களுக்குச் சொல்லப்பட்ட அதே பாடம்தான் இது. செங்கல்பட்டில் நடந்ததை வெளியே வந்து பேசியவர் அவனுடைய தாய். அந்த வேலையைத் தாயின் துயரத்திடம் விட்டுவைக்கக்கூடாது. காயத்தைக் கண்டால் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு எழுத்தில் தெரிவிப்பேன் என்ற வரியைச் சேர்த்த பிறகே பயிற்றுநர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.